பாசிக்குப் போற பொம்பளைங்க

எல்லாருக்கும் வணக்கம். மீனவர்னு சொன்னதும் வலை இழுக்குற ஆம்பளைங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க, ஆனா நான் இன்னைக்குப் பேச வந்தது கடல்ல முங்கி பாசி எடுக்குற பொம்பளைங்களப் பத்தி, ஏன்னா எங்கம்மா முப்பது வருஷம் அந்த வேலைக்குப் போனவங்க, அந்தக் காசுலதான் நான் படிச்சேன்.

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் வந்து பாருங்க. முகத்துல கண்ணாடிய மாட்டி, பாறை கிழிச்சிடாம விரலுக்குத் துணி சுத்தி, மூச்சப் புடிச்சு உள்ள போயி மரிக்கொழுந்துப் பாசிய கையாலயே பிச்சு இடுப்புப் பையில போட்டுட்டு மேல வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி முங்கணும், இப்படியே மணிக்கணக்கா. அந்த மரிக்கொழுந்துல இருந்துதான் ஜெல்லி மாதிரி உறைய வைக்குற அகர் எடுக்குறாங்க, கட்டக்கோரைங்கற இன்னொரு பாசில இருந்து கெட்டியாக்குற அல்ஜினேட், அது ஐஸ்கிரீம் வரைக்கும் போகுது. ஆனா வெல என்னவோ வியாபாரி சொல்றதுதான்.

1986ல மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவையும் சேத்து தேசியப் பூங்கா ஆக்குனாங்க, அதனால அங்க போய் பாசி எடுக்குறது தப்புன்னு ஆச்சு. பவளப்பாறையக் காப்பாத்தணும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா பாட்டி காலத்துல இருந்து அங்க போய்க்கிட்டு இருந்தவங்க திடீர்னு திருடி மாதிரி ஆயிட்டாங்களே! ஒரு தடவ அம்மாகிட்ட இருந்த பாசிய சாக்கோட புடுங்கிக்கிட்டாங்க, ஈரச் சேலையோட வந்து திண்ணைல உக்காந்தவங்க ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

இத்தனைக்கும் கடலப் பத்தி அதிகமா கவலப்பட்டது இந்தப் பொம்பளைங்கதான். அவங்களே கூடிப் பேசி மாசத்துக்கு 12 நாள்தான் போகணும், பாசி பெருகுற காலத்துல போகக் கூடாது, இரும்புச் சுரண்டி எடுத்துட்டு வரக் கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி நின்ன சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015ல, தீவுகளப் பாதுகாக்குறவங்களுக்கு அமெரிக்காவுல ஒரு அமைப்பு குடுக்குற சீகாலஜி விருது கெடச்சுச்சு, அமெரிக்காவுக்கே போய் வாங்கிட்டு வந்தாங்க.

இவங்களையும் மீனவர்னு பதிவு பண்ணுங்க, அடையாள அட்டை குடுங்க, தீவப் பத்தி முடிவு எடுக்குற கூட்டத்துல ரெண்டு பேரையாவது உக்கார வைங்க, இதத்தான் நான் கேக்குறேன். அம்மாவால இப்ப முங்க முடியல, காதும் சரியா கேக்கல, ஆனா எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் பாசி கொறஞ்சு போச்சுன்னு கேட்டா இப்பவும் டக்குன்னு சொல்வாங்க. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.