ஒகினாவா இழந்ததும் நாகானோ பெற்றதும்

அன்பு நண்பர்களே,

ஜப்பான்காரர்கள் நீண்ட ஆயுள் வாழ்வது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். சரி, அப்படியானால் ஜப்பானின் தெற்குத் தீவு மாகாணமான ஒகினாவாவுக்கு நடந்ததை என்னவென்று சொல்வது? 1985-இல் 47 மாகாணங்களில் ஆண்களின் ஆயுளில் அதுதான் முதலிடம். 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் 26-ஆவது இடம். பதினைந்து வருடத்தில் ரத்தம் மாறிவிடாது. வாழ்ந்த விதம் மாறியது.

பழைய ஒகினாவாவில் என்ன சாப்பிட்டார்கள்? 1949 கணக்குப்படி, கலோரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. கூடவே பாகற்காய், டோஃபு, கடற்பாசி. பன்றிக்கறி விசேஷ நாட்களில் மட்டும். வயிறு முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்ததும் எழுந்துவிடு என்பது பெரியவர்களின் கண்டிப்பு. ‘ஹரா ஹச்சி பு’ என்பார்கள். இதில் வறுமைக்கும் பங்குண்டு, மறைக்க வேண்டாம். அப்புறம் 1972 வரை அமெரிக்க ஆட்சி. ராணுவத் தளங்களோடு டின் இறைச்சியும் ஹாம்பர்கரும் வந்தன. நடந்து போன தூரத்துக்கெல்லாம் கார் வந்தது.

குறைத்துச் சாப்பிட்டால் உடம்பு மூப்படைவது நிஜமாகவே மெதுவாகுமா? அமெரிக்காவில் ‘கேலரி’ என்ற ஆய்வில், பருமன் இல்லாத சுமார் 220 பேர் இரண்டு ஆண்டு கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் கலோரியை 25 சதவீதம் குறைக்க முயன்றார்கள்; முடிந்தது அதில் பாதியளவுதான். டிஎன்ஏ-வில் பதியும் வேதிக்குறிகளை வைத்துக் கணக்கிட்டபோது, மூப்பின் வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தது. வேறு இரண்டு அளவீடுகளில் மாற்றம் தெரியவில்லை. ஆக, பலன் சிறியது. இதைச் சொல்லி ‘இளமை மாத்திரை’ விற்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒகினாவாவில் ‘மோவாய்’ என்று ஒன்று உண்டு. நம் ஊர்ச் சீட்டு மாதிரி. மாதாமாதம் கூடிப் பணம் போடுவார்கள், முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் வீடு தேடிப் போய்விடுவார்கள். வயதான காலத்தில் இந்தத் துணை எவ்வளவு பெரியது என்பது தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

நாகானோ என்ற இன்னொரு ஜப்பானிய மாகாணத்தின் கதை நேர்மாறானது. மலைப்பகுதி, கடும் குளிர், வீட்டுக்கு வீடு உப்பு ஊறுகாய். பக்கவாதச் சாவு மிக அதிகமாக இருந்த மாகாணங்களில் அதுவும் ஒன்று. அங்கே சாகு என்ற ஊரின் மருத்துவமனைக்கு 1945-இல் வந்தவர் டாக்டர் வகாட்சுகி தொஷிகாசு. மருத்துவமனை ஊழியர்களையே நடிக்க வைத்துக் கிராமம் கிராமமாக நாடகம் போட்டார். நோய் வருமுன் பரிசோதனை செய்துகொள்ளப் பழக்கினார். சுகாதாரத் தொண்டர்களாக ஊர்ப் பெண்களே முன்வந்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போய், சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். யோசித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரி உங்கள் குழம்பை அளக்க வந்தால் எப்படி இருக்கும்! அவர்கள் சளைக்கவில்லை. ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார்கள், குளிர்காலத்தில் ஓர் அறையையாவது சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 1990-இல் ஆண்களின் ஆயுளில் நாகானோ முதலிடம் பிடித்தது. 2010 கணக்கில் பெண்களும் முதலிடத்துக்கு வந்தார்கள்.