சிறுவாடும் கணக்கு நோட்டும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

குடும்ப வரவு செலவைப் பற்றிக் கொஞ்சம், பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச எனக்கு வராது. தபாலாபீஸ் சேமிப்புக் கவுன்டரில் 34 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். அம்பாசமுத்திரம், கடையம், முக்கூடல் என்று எல்லாம் நம் நெல்லைச் சீமைதான். எங்கள் கவுன்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு ஆர்.டி. கட்ட வருவார்கள், அதாவது மாசா மாசம் ஒரே தொகையாகக் கட்டும் சேமிப்பு. அவர்கள் நீட்டும் நோட்டில் புகையிலை வாசம் இருக்கும். ஒரு வீட்டில் பணம் எப்படிப் புழங்குகிறதோ அப்படித்தான் அந்த வீட்டுப் பிள்ளையின் குணமும் அமைகிறது என்று எனக்குத் தோன்றியது அந்தக் கவுன்டரில் உட்கார்ந்துதான்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா? ஒரு நாள் விட்டு 10-ஆம் தேதி காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போது வரிசை தெருமுனை வரை நின்றது. அதில் பெண்கள்தான் அதிகம். அரிசிப் பானைக்குள் இருந்தது, பழைய புடவை மடிப்பில் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் செருகியது என்று ஒவ்வொருவர் கையிலும் சுருட்டிய நோட்டுகள். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, கவுன்டருக்குள் தலையை நீட்டி, "யக்கா, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிராமப் பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கையில் இருந்தது இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை வருஷம் சேர்த்திருப்பாரோ. சொந்த உழைப்பில் சேர்த்த காசை அவ்வளவு பயத்தோடு நீட்டினார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கு நம் ஊரில் சிறுவாடு என்று பெயர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, யாருக்கும் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் பணம். சிறுவாடு சேர்ப்பது கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஏன் ஒளிக்க வேண்டியிருந்தது? வெளியே தெரிந்தால் அந்தப் பணம் தங்காது என்ற பயம்தானே? அந்தப் பயம் உண்மையாக இருக்கிற வீடுகள் உண்டு. வீட்டுக்காரர் குடிக்கிறார், இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார் என்றால், அங்கே வெளிப்படையாக இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பானையில் வைக்காதீர்கள். 500 ரூபாயோடு தபாலாபீஸுக்கு வந்து, உங்கள் ஒருத்தர் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது.

மற்ற வீடுகளைப் பற்றித்தான் நான் பேச வந்தது. குடியும் இல்லை, சண்டையும் இல்லை, நல்ல மனுஷர்கள்தான். இருந்தாலும் பணத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறக்காத வீடுகள்.

எங்கள் வீடே அப்படி ஒரு வீடுதான். அப்பா சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். சிநேகிதர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம், கடன் கொடுத்தவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அடுக்களையில் நின்றுகொண்டு, "அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லிரு" என்று எனக்குச் சைகை காட்டினார். போய்ச் சொன்னேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். பொய் சொல்லக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லி வளர்த்தவர் எங்கள் அப்பா. அவர் கெட்டவர் இல்லை, அவமானத்துக்குப் பயந்தவர். அந்தப் பயத்தை அம்மாவிடம் முதல் மாசமே சொல்லியிருந்தால், அம்மாவின் இரண்டு வளையலோடு அது முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் கடை போனது.

கடனை ஒளிக்கும் வீட்டில் கடன் வேகமாக வளரும். அதற்கு நாம் வட்டி சொல்லும் விதமும் ஒரு காரணம். ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி என்கிறோம். காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய். 50,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாசா மாசம் 2,500. இருபது மாசத்தில் 50,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான் இது. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடச் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்தக் கடனை வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2017 அக்டோபரில், கந்துவட்டிப் புகாரோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பமே உயிரை விட்டதை இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நினைத்துத்தான் கேட்கிறேன். கழுத்தைப் பிடிக்கும் கடன் இருந்தால் இன்றைக்கே வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தபாலாபீஸில் ஆர்.டி. கட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருஷம் ஆகிவிட்டால், உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தில் பாதி வரைக்கும் கடனாக எடுக்கலாம். ஆர்.டி.க்கு உங்களுக்குக் கிடைக்கும் வட்டியைவிட வருஷத்துக்கு இரண்டு சதவீதம்தான் கூட. வாசலுக்கு வந்து யாரும் நிற்க மாட்டார்கள்.

சரி, வெளிப்படையாக இருப்பது என்றால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காபி குடித்த பிறகு எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். நான், என் மகன், மருமகள், ஏழாவது படிக்கும் பேரன். நடுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு. போன மாசம் உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுவோம். வருமானத்தில் இத்தனை சதவீதம் இதற்கு, இத்தனை அதற்கு என்று பிரித்துக் கொடுக்கும் யோசனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகையும் வைத்தியமும் சதவீதம் பார்த்து வருவதில்லை. போன மாசக் கணக்கு கையில் இருந்தால் போதும், அடுத்த மாசம் எதில் கை வைக்கலாம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடனைப் பேசலாமா, அவர்கள் மனசு கஷ்டப்படாதா என்று பல தாய்மார்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அம்மா. ராத்திரி நீங்கள் மெதுவாகப் பேசுவது பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கேட்காதா? அரைகுறையாகக் கேட்பதுதான் பயம். இவ்வளவு கடன், மாசம் இவ்வளவு கட்டுகிறோம், அடுத்த தைக்குள் முடிந்துவிடும் என்று முழுசாகச் சொன்னால் அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.

எங்கள் பேரனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் கரண்ட் மீட்டரைப் பார்த்து அந்த நோட்டில் எழுத வேண்டும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாசத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீழே இருக்கும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அதிலேயே 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். இதைப் பேரனுக்குச் சொன்னோம். ஒரு தடவை ஏழாவது வாரத்தில் மீட்டர் 460-ஐத் தொட்டது. அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரியவில்லை. 492-இல் நின்றது. ஃபேனை நிறுத்து, லைட்டை நிறுத்து என்று நாங்கள் வருஷக்கணக்காகச் சத்தம் போட்டு நடக்காத காரியம். அப்புறம் அவன் கேட்டான்: "ஆச்சி, மிச்சம் பிடிச்ச காசு எங்க?" நியாயமான கேள்வி. அந்தக் காசை உடனே அவன் கண் முன்னால் எடுத்து, அவனுடைய சைக்கிளுக்கென்று தனியாகப் போட்டோம். மிச்சம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைக்குச் சிக்கனம் என்பது வெறும் தண்டனைதான்.

இப்போது பணமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கடையில் செல்போனைக் காட்டுகிறோம், பணம் வந்ததாக ஒரு பெட்டி சத்தம் போடுகிறது, சாமானை எடுத்துக்கொண்டு வருகிறோம். பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளைக்குப் பணம் குறைவது தெரிவதே இல்லை. அதனால் பால், காய்கறி, மளிகை மூன்றுக்கு மட்டும் மாச ஆரம்பத்தில் ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் வைக்கிறோம். இருபதாம் தேதி டப்பா லேசாவதைப் பேரனே எட்டிப் பார்க்கிறான். ஆனித் திருவிழாப் பொருட்காட்சிக்குப் போனால் அவன் கையில் 100 ரூபாய். என்ன வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் தீர்ந்த பிறகு மேலே கிடையாது. முதல் வருஷம் வாசலிலேயே தீர்த்துவிட்டு அழுதான். மனசு கேட்கவில்லைதான், இருந்தாலும் நான் கொடுக்கவில்லை.

மகளிர் உரிமைத் தொகை வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் மாசம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய பணம் அது. அதில் 500-ஐயாவது உங்கள் பெயரில் ஆர்.டி. போடுங்கள். ஐந்து வருஷத்தில் நீங்கள் கட்டுவது 30,000. இப்போதைய வட்டியில் கைக்கு வருவது 35,000-க்கு மேல். மகளின் காலேஜ் முதல் வருஷத்துக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சம்பவம். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 500 ரூபாய் குறைந்தது. கவுன்டரில் குறைந்தால் நாங்கள்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்போது என் சம்பளத்தில் அது பெரிய தொகை. மூன்று தடவை எண்ணிவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். கதவை மூடப்போகும் நேரத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது. கையில் ஒரு 500 ரூபாய் நோட்டு. "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாவ. கூட வந்திருக்காம்." மத்தியானம் ஆர்.டி. முதிர்ந்து பணம் வாங்கிப்போன பீடிக்காரப் பெண்ணின் மகள். நடந்தே வந்திருக்கிறாள்.

மறுவாரம் அந்த அம்மா வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கடையில பீடி எண்ணும்போது ரெண்டு குறைஞ்சாலும் கழிச்சிருவாவ. குறைஞ்சா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்லா, அதான் பிள்ளைய உடனே ஓடுன்னு விட்டேன்" என்றார்.

நன்றி. வணக்கம்.