சிரிப்பு அடங்கிய சபை

அவையோருக்கு வணக்கம்.

பாடகர் வாழ்க்கையை நாடகமாக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொட்டிலில் தொடங்குவார்கள், நடுநடுவே புகழ்பெற்ற பாட்டுகளைச் செருகுவார்கள், கைதட்டலோடு திரையை இறக்குவார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. அதனால்தான் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியும் பியானோ கலைஞருமான நினா சிமோனை வைத்து கிறிஸ்டினா ஹாம் எழுதிய 'நினா சிமோன்: ஃபோர் விமன்' நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 2016-இல் அரங்கேறியது.

கதை நடக்கும் இடம், அமெரிக்காவின் அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாமில் குண்டுவெடிப்பில் சிதைந்த பதினாறாவது தெரு தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. இனவெறியர்கள் வைத்த குண்டில் கறுப்பினச் சிறுமிகள் நால்வர் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11.

செய்தி கேட்ட நினா, வீட்டில் கிடந்த சாமான்களை வைத்துத் துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டார்! 'கொலை உனக்குத் தெரியாத வேலை. உனக்குத் தெரிந்தது சங்கீதம்' என்று தடுத்தவர் கணவர். பியானோவுக்குப் போனார். பிறந்தது 'மிசிசிப்பி காடேம்': மிசிசிப்பி மாகாணத்தின் பெயரோடு ஒரு வசைச்சொல்லைச் சேர்த்த பாட்டு.

அன்றுதான் அவர் போராளியானார் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். சிறுமியாக ஊரில் பியானோ வாசிக்க அமர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த பெற்றோரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்களைத் திரும்ப முன்னால் உட்காரவைக்கும்வரை வாசிக்கமாட்டேன் என்றவர் அவர்.

நாடகத்தில் நினாவோடு இருப்பவர்கள், அவருடைய 'ஃபோர் விமன்' பாட்டிலிருந்து இறங்கி வந்த பெண்கள். உழைத்து முதுகு உரமேறிய சாரா, வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்த சஃப்ரோனியா, உடலை விற்றுப் பிழைக்கும் ஸ்வீட் திங். மேடையில் வெள்ளையர் ஒருவரும் இல்லை. தோலின் நிறம், வசதி, மானம் என்று இவர்களே ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கிறார்கள். வெளியே எதிரி நிற்கும்போது உள்ளே நடக்கும் சண்டையை மறைக்காமல் காட்டியதுதான் ஹாமின் துணிச்சல்.

இப்படியொரு நாடகத்துக்கு நினாவே அச்சாரம் போட்டிருந்தார். 1964 மார்ச்சில் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் 'மிசிசிப்பி காடேம்' பாடினார். மெட்டு என்னவோ குதூகலமானது; பெயரைச் சொன்னதும் சபை சிரித்தது. இடையில் சொன்னார்: 'இது நாடகப் பாட்டு, இதற்கான நாடகத்தைத்தான் இன்னும் எழுதவில்லை.' தென் கரோலினா வியாபாரி ஒருவர் அந்தப் பாட்டின் இசைத்தட்டுகளைப் பெட்டியோடு, ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினாராம்.

இப்போது அந்தப் பதிவைப் போடுகிறோம். சிரிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள்.