முதலில் முதுகைப் பாருங்கள்

வணக்கம். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நால்வர் அணி டிரெஸ்ஸாஜ் எனும் குதிரைச் சவாரிப் போட்டியில் தங்கம் வென்றபோதுதான், சென்னையில் பலர் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். பெரிய போட்டிகளில் இதற்கான களம் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. வேகமும் தாண்டலும் இதில் கணக்கில்லை. குதிரை எப்படி நடக்கிறது, எப்படித் திரும்புகிறது, எவ்வளவு இணக்கமாக இயங்குகிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

அந்த நடை கெட்டால் நாம் குதிரையின் மேல்தான் பழி போடுகிறோம். பிடிவாதக் குதிரை என்று பெயர் வைத்து, கடிவாளத்தை இன்னும் கடுமையானதாக மாற்றுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வாயில் கை வைப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள்.

குதிரைக்கு நம்மைப்போல் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடலோடு பிணைத்திருப்பவை தசைகளும் தசைநார்களும்தான். கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகர்கிறது. சேணத்தின் முன்பகுதி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் எலும்பு அதில் இடிக்கும், அதுவும் ஒவ்வோர் அடியிலும். குதிரை என்ன செய்யும்? அடியைச் சுருக்கிக்கொள்ளும். பின்பக்கமும் ஓர் எல்லை உண்டு: பாரம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது.

நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவற்றுக்குத் தோள்மேடு, அதாவது கழுத்து முதுகோடு சேருமிடத்து மேடு, உயர்ந்தும் முதுகு ஒடுங்கியும் இருக்கும். அகலமான சேணம் முன்னால் இறங்கி அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துவிடும். குறுகலானதோ இருபுறமும் கவ்விப் பிடிக்கும். கவ்வுகிற சேணத்துக்கு அடியில் தடித்த விரிப்பைத் திணிப்பவர்களைப் பார்க்கிறேன். அது இறுக்கத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

சென்னைப் புழுக்கத்தில் சிறிது நேரச் சவாரியிலேயே குதிரை வியர்த்துவிடும். சேணத்தைக் கழற்றியதும் தண்ணீர் ஊற்ற அவசரப்படாதீர்கள். ஈர முதுகின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் காய்ந்திருக்கிறதா? அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம், அல்லது சேணம் தொடாமலே இருந்திருக்கலாம். விரல்களால் மெல்ல அழுத்துங்கள். தோல் துடித்து முதுகு கீழே அமிழ்ந்தால், வலி அங்கே இருக்கிறது. சேணம் படும் இடத்தில் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் தடம்.

இனி, மேலே உட்காருபவர். இடுப்பில் குடம் சுமப்பவரின் உடல் மறுபக்கம் வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த மனிதரைச் சுமக்கும் குதிரையும் அப்படித்தான் தன்னைக் கோணிக்கொள்கிறது. வலப்பக்கம் இலகுவாகத் திரும்பும் குதிரை இடப்பக்கம் மறுக்கிறதென்றால், உங்கள் இடுப்பு எலும்புகள் இரண்டும் சமமாகப் பாரம் தாங்குகின்றனவா என்று பாருங்கள். டிராட் எனும் மிதமான துள்ளோட்டத்தில் குதிரையின் முதுகு ஏறி இறங்கும். அதோடு உங்கள் இடுப்பு அசையாவிட்டால் நீங்கள் துள்ளித் துள்ளி விழுவீர்கள். விழாமலிருக்க லகானைப் பிடித்துத் தொங்குவீர்கள். குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும். உடலுக்கு அடியில் வந்து உந்த வேண்டிய பின்னங்கால்கள் பின்தங்கிப்போகும்.

சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிறதென்றால், சவாரி செய்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பின்னங்காலில் வெளியே தெரியாத நொண்டல் இருந்தாலும் சேணம் சரியும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. தரையிலிருந்து இடப்பக்கமாகவே ஏறி ஏறி, கால் வைக்கும் இடது அங்கவடியின் தோல்வார் நீண்டுபோகிறது. உங்கள் இரண்டு வார்களையும் கழற்றி ஆணியில் ஒன்றாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் உங்கள் கால்களும் அதே அளவு ஏறுமாறாகத்தான் இருந்திருக்கின்றன. வார்களை அவ்வப்போது பக்கம் மாற்றிப் போடுங்கள். ஏறுவதற்கு ஒரு சிறு மேடை வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.