ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(மேட்டூரில் ஆடிப்பெருக்கை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பொன்னாடைக்குக் குறைவைக்காத வரவேற்புக் குழுவினரே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊராட்சிப் பெருமக்களே, கரையில் வலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பரிசல்கார அண்ணன்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், துண்டுச்சீட்டில் இவ்வளவுதான் இருந்தது.

மீனின் மரபணு, அணை, மணல் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். முதலில் மீன்.

கூன்முதுகு மகசீர் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே சொந்தமான மீன். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தூண்டில்காரர்கள் கொண்டாடிய இந்த மீனின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது 2018-ல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலிலும் ஏறியது. பேர் வைக்கப் போட்ட பந்தலிலேயே இரங்கல் கூட்டமும்!

காரணங்களில் ஒன்று நம் தாராள மனசு. மராட்டியத்து லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது குறைந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஒருமுறை மீன்குஞ்சு விடும் விழாவுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். மேளம், மாலை, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகள். சிறப்பு விருந்தினர் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் படத்துக்குச் சிரித்தார். பை வெடித்தது. சட்டைப்பைக்குள் நாலு குஞ்சு துள்ளுகிறது! கூட வந்தவர்கள் கையை விட்டுத் துழாவ, அவர் கூச்சத்தில் நெளிய, போட்டோகிராபர் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக எல்லாம் ஆற்றுக்குப் போனது. "இது எந்த ஆத்து மீனுங்க?" என்று பக்கத்தில் இருந்த பரிசல்காரர் கேட்டார். மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. "கட்லாங்க. கொழம்புக்கு நல்லாருக்கும். ஆனா நம்மூருக்கு இது விருந்தாளிதான்" என்று அவரே பதிலும் சொன்னார். அவர் சொன்னது சரி. கட்லா வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது.

நம்மூர் மீனையே பண்ணையில் பொரித்து விட்டால் போதுமா? அங்கேயும் சிக்கல். நாலைந்து சினைமீனுக்கு முட்டையிட ஊசி போட்டால் லட்சம் குஞ்சு கிடைக்கும். அத்தனையும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. ஒரு நோய் வந்தால் ஒன்றாகச் சாயும். காவிரிப் படுகையில் இருக்கும் மோயாற்றில் பிழைத்த மீனின் ரத்தத்தில் இருக்கும் மரபணு வகை இன்னோர் ஆற்று மீனில் இல்லாமல் போகலாம். அந்த வேறுபாடுதான் இனத்தின் கையிருப்பு. ஆகவே ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, எந்த ஆற்று மீன் என்று பார்த்தும் போடு.

அணையையும் மணலையும் இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் கோரிக்கை ஒன்றுதான்: தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது, எத்தனை ஜோடி என்று எழுதிக்கொடுக்காத குஞ்சு ஒன்றுகூடக் காவிரியில் இறங்கக் கூடாது. மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பேனா என்னுடையது, திருப்பித் தந்துவிடுங்கள்.