பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள்

(வேலூரில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர்களே, வட்டார வள மையங்களிலிருந்து வந்திருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களே, இயன்முறை மருத்துவர்களே, எல்லோருக்கும் மேலாக, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சிறப்புக் கல்வி என்றாலே நாம் குழந்தையைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் குழந்தையைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, ஊட்டி, இடுப்பில் தூக்கிப் பேருந்தேற்றிக் கொண்டுவந்து விடுகிறவரைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்று நான் அவரைப் பற்றியே பேச விரும்புகிறேன். நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, திட்டங்கள் இருக்கின்றன, போதாவிட்டாலும் பணமும் ஓரளவு ஒதுக்கப்படுகிறது. ஆனால் எந்த உதவி எங்கே கிடைக்கும், எந்த வயதில் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்ளும் வேலை முழுவதையும் தாயின் தலையில் சுமத்திவிட்டோம். அந்தச் சுமையைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றிருக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை. “இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது, வேறு இடம் பாருங்கள்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப எந்தத் தலைமை ஆசிரியருக்கும் அதிகாரம் கிடையாது. பள்ளிக்கு வரவே இயலாத அளவுக்குக் கடும் பாதிப்புள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வழியைக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம் திறந்துவைத்தது. அந்த வழியைக் குடும்பம் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். பள்ளி தன் வசதிக்காக ஒரு குழந்தையை வீட்டிலேயே இருத்திவிடுவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

இனி அந்தத் தாயிடம் வருகிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் தாய் ஒருவர் தன் மஞ்சள் பையை ஒரு முறை என் முன்னால் பிரித்துக் காட்டினார். பிரசவ ஆஸ்பத்திரியின் சீட்டு, வலிப்புக்காக எடுத்த இ.இ.ஜி. அறிக்கை, ஆதார் நகல்கள், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகம், பிளாஸ்டிக் உறையிட்ட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, புகைப்படங்கள் போட்ட சிறிய கவர் என்று எல்லாம் அதில் இருந்தன. ஆங்கிலத்தில் உள்ள அறிக்கைகளை அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளின் நிறத்தையும் மடிப்பையும் வைத்தே எது எந்தத் தாள் என்று அடையாளம் கண்டு எடுத்துக் கொடுத்தார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, “குழந்தை பிறந்தவுடனே அழுததா?” என்பதுதான். அந்த நாளின் கதையை, அழாத குழந்தையின் கதையை, முன்பின் தெரியாத ஒருவரிடம் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு மீண்டும் மீண்டும் அவர் சொல்லியாக வேண்டும்.

இது தவிர்க்கக்கூடிய துன்பம். குழந்தை பள்ளியில் சேரும் நாளிலேயே எல்லாத் தாள்களையும் நகலெடுத்துத் தலைமை ஆசிரியரின் அலமாரியில் ஒரு கோப்பாக வைக்கலாம். பிறப்பு முதல் இன்று வரையான வரலாற்றைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, அதில் ஒரு படியைத் தாயின் கையில் கொடுக்கலாம். அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாம் எந்த வட்டாரத்தில் எப்போது என்பதை, “போன வாரமே முடிந்துவிட்டதே” என்று பிறகு சொல்லாமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

முகாம்களைப் பற்றி இன்னொன்று. அங்கே அளவெடுத்து, காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரும் சக்கர நாற்காலியும் காது கேட்கும் கருவியும் வழங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் குழந்தை வளர்கிறது, காலிப்பர் வளர்வதில்லை. இறுக்கமாகிப் புண் உண்டாக்கிய காலிப்பர்கள் எத்தனையோ வீடுகளின் பரண்மேல் கிடக்கின்றன. கருவி கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதும் நாம், ஆறு மாதம் கழித்து அதைக் குழந்தை அணிகிறதா என்று கேட்டு எழுதுவதில்லை.

வட ஆர்க்காட்டுப் பகுதியின் பிழைப்பு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள், அணைக்கட்டு ஒன்றியத்து மலைக் கிராமங்களில் காட்டு வேலைக்கும் கூலிக்கும் போகும் பெண்கள், இவர்கள்தாம் நம் பள்ளிகளின் தாய்மார்கள். வட்டார வள மையத்தில் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் இயன்முறைப் பயிற்சி என்றால், அந்த நாளின் கூலி போயிற்று என்று பொருள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளுக்கும் 2021 முதல் கட்டணமில்லை. பயணப்படி, துணையாள் படி, மாணவிகளுக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) இடம் இருக்கிறது. ஆனாலும் இழந்த கூலியை எந்தப் படியும் ஈடுசெய்யாது. அழைத்துவராத தாயை “அக்கறையில்லாதவர்” என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன்னால், அவருக்கு எந்த நாள், எந்த நேரம் ஒத்துவரும் என்று ஒரு முறையாவது கேட்டோமா?

அழைத்துவரும் தாய்மார்களை நாம் நடத்தும் விதமும் மாற வேண்டும். பயிற்சி முடியும்வரை அவர்களை வெளியே உட்காரவைக்கிறோம். வேலூரின் சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்ன என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலை விடவும் பெரிய இழப்பு, உள்ளே நடப்பதை அவர் பார்க்காமல் போவது. வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்றுநர் செய்வதை வீட்டில் தினந்தோறும் செய்யப்போகிறவர் அந்தத் தாய்தான்.

இந்த உண்மையை நம் ஊரே முன்பே அறிந்திருக்கிறது. பாகாயத்தில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களில் தொடங்கிய காலத்திலிருந்தே, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பெயர் பெற்றது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான அதன் நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோர் உடனிருந்து பழகுவதே வழக்கம். பெற்றோரைக் குழுவாக அமர்த்தி, கலந்து பேசிக் கற்பிக்கும்போது குழந்தையைப் பற்றிய அவர்களுடைய மனப்பான்மை மேம்படுகிறது என்பதை வேலூரில் நடந்த ஆய்வு ஒன்றே காட்டியது. அது 1999இல் வெளிவந்தது. நம் மண்ணில் நிறுவப்பட்ட ஒன்றை நம் பள்ளிகளுக்குள் கொண்டுவர இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கற்றுக்கொடுப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும்: கையை நுழைப்பது, மறு கையை நுழைப்பது, இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது, ஒவ்வொரு பொத்தானாக மாட்டுவது. முதல் படியிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதியில் சோர்ந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் தாயே செய்து, கடைசிப் பொத்தானைப் பாதி துளைக்குள் நுழைத்து, இழுத்து விடுவதை மட்டும் குழந்தைக்கு விடுகிறோம். சட்டை போட்டு முடித்தது குழந்தை. அந்த மகிழ்ச்சி அதற்கே உரியது. அது பழகியதும் அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது. துளை பெரிதாகவும் பொத்தான் பெரிதாகவும் உள்ள பழைய சட்டையில் தொடங்குவது நல்லது. இதை ஒரு முறை நேரில் பார்த்த தாய் வீட்டில் செய்துவிடுவார். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படித் தெரியும்?

நம் மாவட்டத்தில் வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். பேச்சு தாமதமாகும் குழந்தையிடம் தாய்மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியில் மட்டும் பேசுங்கள் என்று இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியின் மொழியைக் குழந்தையிடமிருந்து பறித்தால், பாட்டியோடு அது பேசும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகிறோம்.

வீட்டுக்குள் நடப்பதையும் பேசியாக வேண்டும். குழந்தையின் குறைக்குத் தாயின் ராசி, தாய் வீட்டு வழி, கர்ப்பத்தில் அவர் செய்த தவறு என்று காரணம் கற்பிக்கும் கொடுமை இன்னும் ஓயவில்லை. பள்ளிக் கூட்டத்துக்குத் தந்தையும் மாமியாரும் வர வேண்டும் என்று ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் வருவார்கள். அவர்கள் முன்னிலையில் மருத்துவக் காரணத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதே ஒரு பெரிய உதவி. அந்த வீட்டிலேயே இன்னொரு பிள்ளை இருக்கும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள் என்றால், அது வருகைப் பதிவேட்டில் தெரியும். வகுப்பாசிரியர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

ஆசிரியர்களின் குறையும் நியாயமானது. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு அலையும் நிலையில் அவரிடம் அதிசயத்தை எதிர்பார்க்க முடியாது. இதைப் பெற்றோர்தாம் உரக்கக் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதில் சிறப்புக் குழந்தையின் தாய் ஒருவராவது இருந்தால், சாய்வுப் பாதையும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். ஏற்ற கழிப்பறை இல்லாத பள்ளியில், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள்.

பொதுத் தேர்வுச் சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை தகுதியுள்ளோருக்கு உண்டு. சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்கினால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்காது. கடும் பாதிப்புள்ளோருக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் சிகிச்சைகளுக்கும் சேர்த்துக் கைகொடுக்கும். இவற்றுக்கான படிவங்கள் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மட்டும் அல்லாமல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கட்டும், நிரப்பிக் கொடுக்கவும் ஒருவர் இருக்கட்டும்.

கடைசியாக, எல்லாத் தாய்மார்களும் தனியாக என்னிடம் கேட்கும் கேள்வி: “எனக்குப் பிறகு இவன் கதி என்ன?” நிராமயா காப்பீட்டுக்கு நான் சொன்ன நான்கு வகைக் குறைபாடு உள்ளோருக்கு 18 வயது நிறைந்தபின் தேவைப்பட்டால் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். வேலைக்கு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு, காட்பாடி வொர்த் அறக்கட்டளையைக் காட்டுவேன். 1960களிலிருந்து மாற்றுத்திறனாளிகளைத் தொழிலாளர்களாகக் கொண்டு இயங்கிவரும் அந்த இடத்தில்தான் உலகம் முழுவதும் பார்வையற்றோர் பயன்படுத்தும் பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சு இயந்திரங்கள் தயாராகின்றன. எட்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒரு நாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த வாரத்திலேயே தாய், தந்தை, வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர் நால்வரும் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் கை எதைச் செய்ய விரும்புகிறது, அதற்கு இன்னும் எந்தப் பழக்கம் தேவை என்று எழுதி, பள்ளியில் இருக்கும் அந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.