முதல் மாதத்தைத் தாண்டுவது

வணக்கம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயோடு குழந்தை பிறந்தால், பெற்றோர் முதலில் கேட்பது, "சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும், டாக்டர்?" என்பதைத்தான். முதல் சில நாட்களில் எங்கள் கவலையோ மூச்சைப் பற்றியது.

கர்ப்பத்தின் 16 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீரகங்கள் வேலை செய்யாவிட்டால் அந்த நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் நுரையீரல் விரிந்து வளர்வதில்லை. பிறந்ததும் வயிற்றின் இருபுறமும் கை வைத்துப் பார்த்தால், உப்பிய வயிற்றுக்குள் இரண்டு சிறுநீரகங்களும் கல் போல் கெட்டியாகத் தட்டுப்படும். மேலே ஒடுங்கிய மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே குழி விழும்.

சுமார் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் ஒடுங்கு மரபு வகையைப் பற்றித்தான் பேசுகிறேன். இதற்குக் காரணமான, ஆறாவது குரோமோசோமில் உள்ள பி.கே.எச்.டி.1 மரபணு 2002இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ஆகவே இருவரும் பழுதான பிரதியைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணம் முடித்தவர்களில் இருவருமே அந்தப் பிரதியைச் சுமப்பதற்கான வாய்ப்பு கூடுதல். கர்ப்பத்தில் தாய் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணம் அல்ல. இதை மாமியார், மாமனார் இருக்கும்போதே நான் உரக்கச் சொல்வது வழக்கம். பெற்றோரில் ஒருவருக்கே நோய் இருந்து பிள்ளைக்கு வரும் ஓங்கு மரபு வகை வேறு. அது பெரும்பாலும் பெரியவர்களான பிறகே தொல்லை தரும்.

இந்த ஒடுங்கு வகையில் ஏறத்தாழ 30 சதவீதக் குழந்தைகள் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெரும்பாலும் மூச்சுத் திணறலே காரணம். முதல் மாதத்தைத் தாண்டியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் பிறந்தநாளைக் காண்கிறார்கள். அந்த ஒரு மாதத்துக்கு அவ்வளவு எடை உண்டு.

அதன் பிறகு வருவது ரத்த அழுத்தம். சின்னஞ்சிறு கைக்கு ஏற்ற பட்டையைச் சுற்றி, குழந்தை தூங்கும்போது அளக்க வேண்டும். அழும்போது அளந்தால் அளவு பொய்யாக ஏறும். பெருத்த சிறுநீரகம் இரைப்பையை அழுத்துவதால் பால் தங்காது, மூக்குக் குழாய் வழியே ஊட்ட வேண்டி வரலாம். பத்து, பதினைந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டயாலிசிஸோ மாற்று சிறுநீரகமோ தேவைப்படும். மாற்று அறுவைக்கு எடை சுமார் 10 கிலோவை எட்டும்வரை பெரும்பாலும் காத்திருக்கிறோம்.

கல்லீரலை மறந்துவிடுவார்கள். இந்த நோயில் அதன் பித்தக் குழாய்களும் பிறவியிலேயே பாதிக்கப்பட்டிருக்கும். அதனால், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பித்தக் குழாயில் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.